இரண்டாவது வரி

“வலி போயிருச்சுதானே லெட்சுமி? பிறகென்ன, பதினோராம் நம்பர் மலைக்குப் போ” என்றார் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை முத்துலிங்கம்.

லெட்சுமி மூட்டுத் தேய்ந்து மூன்று வருஷமாக நொண்டியவள். போன மாதம் கண்டி ஆஸ்பத்திரியில், முழங்கால் வலியைக் கடத்தும் நரம்புகளை ஊசி வழியாகச் சுட்டுவிட்டார்கள். இப்போது நேராக நடக்கிறாள்.

காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு அம்மா லெட்சுமியோடு வந்திருந்த தர்ஷனுக்குப் பொறுக்கவில்லை. கொட்டகலையில் ஆட்டோ ஓட்டுகிறவன், காலை ஓட்டத்தை விட்டுவிட்டு வந்திருந்தான்.

“டாக்டர் குடுத்த துண்ட முழுசா வாசிச்சீங்களா ஐயா?”

“வாசிச்சேன். வலி நல்லாக் கொறைஞ்சிருக்குன்னு எழுதியிருக்கு.”

“அது மொத வரி.”

முத்துலிங்கம் கண்ணாடியைத் தேடினார். தர்ஷன் துண்டை வாங்கி, அதிலிருந்த இங்கிலீஷைத் தமிழாக்கி, பேர் கொடுக்க நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னான்.

“தேஞ்ச மூட்டு தேஞ்சபடிதான் இருக்கு. பாரம் தூக்கக் கூடாது, ஏத்தம் ஏறக் கூடாது. இது ரெண்டாவது வரி. நரம்பச் சுட்டா வலிதான் தெரியாது ஐயா, மூட்டு புதுசா மொளைக்காது. முப்பது வருஷம் ஒங்க மலையில ஏறித்தான் அது தேஞ்சுச்சு. மிச்சத்தையும் தேச்சுட்டு வரச் சொல்றீங்களா?”

“அப்படிக் கேளு தம்பி” என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

முத்துலிங்கம் பேனாவைத் திறந்தார்.

“சரி, சரி. நர்சரியில கன்னுப் பைக்கு மண்ணு நிரப்பட்டும். உக்காந்து செய்யிற வேலதான்.”

அன்றைக்கு ஆட்டோவில் ஏறியவர்களுக்கெல்லாம் தர்ஷன் இதைத்தான் சொன்னான். வலி தெரியாத மனுஷியை மாடு மாதிரி ஓட்டப் பார்த்தார்கள் என்று சொல்லும்போதெல்லாம் அவனுக்குக் கோபம் புதிதாக வந்தது.

சாயங்காலம் லெட்சுமி வேலை முடிந்து வந்தபோது, லயத்து வீட்டு வாசலில் ஆட்டோ சேறும் சகதியுமாக நின்றது. தர்ஷன் போனில் இருந்தான். பக்கத்தில் இரண்டு காலி வாளிகள்.

“அம்மா, பீலியிலருந்து ரெண்டு வாளி தண்ணி கொண்டாங்க. வண்டியக் கழுவணும்.”

தண்ணீர் விழும் பீலி நாற்பது படி கீழே. லெட்சுமி நின்றாள்.

“என்னம்மா? இப்பதான் வலி இல்லியே.”

அவள் இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து நீட்டினாள்.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாது. காலையில சொன்னியே, அந்த ரெண்டாவது வரி. இன்னொருக்கா வாசி.”