நான்கு பத்து

அந்த அக்டோபரில் கார்வர் மலை ஏறியவர்கள் நான், என் மைத்துனன் ஓரின், நண்பன் லைல் ஆகிய மூவர்தான். அடிவாரப் பதிவேட்டில் பெயர் எழுதினோம். இறங்கியதும் திரும்பிய நேரத்தைக் குறிக்க வேண்டும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பனிமூட்டத்தில் தொலைந்த என் தம்பி எவரெட்டின் பெயருக்கு எதிரே அந்த நேரத்துக்கான இடம் காலியாகவே நின்றுவிட்டது. அவனை விட்டுவிட்டு வந்த குடும்பம் என்று ஊர் எங்களைச் சொல்லும்.

உதிர்ந்த மேப்பிள் இலைகளில் நடக்கும்போது லைல் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"பின்னால யாரோ வர்றாங்கடா."

"உன் தொப்பைதான், மெதுவா வருது," என்றான் ஓரின்.

இறங்கிப் பதிவேட்டைத் திறந்தேன். எங்கள் பெயர்களுக்குக் கீழே எவரெட்டின் பெயர், அவனுடைய இடக்கை எழுத்தில். திரும்பிய நேரம் நான்கு பத்து. என் கடிகாரத்தில் அப்போது மணி நான்கு ஐந்துதான்.

இந்த முறையும் அவனை விட்டுவிட்டு ஓடிவந்தோம் என்கிறார்கள். தவறு. காரின் பின்கதவைத் திறந்துவைத்து, நான்கு பத்து வரை காத்திருந்தோம்.