ரெண்டும் ஒத்துப்போச்சு மேடம்

“அடப்பாவி, என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டியேடா!”

வினிதா போட்ட சத்தத்தில் ஃபிரெடி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

“நான் ஒண்ணும் பண்ணலக்கா. பெட்டியில ஒரு நம்பர் வருது, கம்ப்யூட்டர்ல வேற நம்பர் வருது. அதைத்தான் நம்ம கைடு மேடம்கிட்ட சொன்னேன்.”

“என்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி அவங்ககிட்ட எதுக்குடா ஓடினே?”

வினிதாவுக்கு வயிறு எரியாதா பின்னே? வானத்திலிருந்து வந்து விழும் நுண்துகள்களை எண்ணுவதுதான் அவளுடைய பிஎச்.டி. ஒரு துகள் கருவிக்குள் பாய்ந்தால் கவுன்ட்டர் பெட்டி தன் எண்ணிக்கையில் ஒன்று கூட்டிக்கொள்ளும், கம்ப்யூட்டரும் ஒன்று கூட்டிக்கொள்ளும். ஒரே துகள்தானே, இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்ட வேண்டும். இத்தனை நாளும் சமர்த்தாகக் காட்டிக்கொண்டிருந்தன. கடைசி ரீடிங் எடுக்கிற வாரமாகப் பார்த்தா பெட்டி குறைத்துக் காட்ட வேண்டும்?

மாதக் கடைசிக்குள் தீசிஸைக் கொடுத்துவிட்டால் படப்பை பக்கம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் வேலை நிச்சயம். தவறினால் அந்த நாற்காலியில் உட்கார வேறு ஆள் காத்திருக்கிறார். வீட்டில் அம்மா ஊரெல்லாம் சொல்லியும் ஆகிவிட்டது.

பெட்டியை அணைத்துப் போட்டாள். வேறு பிளக்கில் செருகினாள். கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். ம்ஹூம், அசைந்து கொடுக்கவில்லை.

“அக்கா, நம்ம தாம்பரம் கரண்ட் பத்திதான் தெரியுமே. வோல்டேஜ் ஏறி இறங்கி எதாவது ஆகியிருக்குமோ?” என்றான் ஃபிரெடி.

“மூணு வருஷமா அதே கரண்ட்தான். புதுசா வந்தவன் நீதான்!”

ஃபிரெடி லேபில் சேர்ந்தே ஒரு மாதம்தான் ஆகிறது. நாற்காலியை மறுபடி மேஜையருகே இழுத்துப் போட்டான். பிறகு மெல்ல, “ஒத்துவரலன்னே எழுதிக் கொடுத்துடுவோம்க்கா. மேடம் புரிஞ்சுப்பாங்க” என்றான்.

“உனக்கென்னப்பா, சொல்லுவே. சனிக்கிழமை நீ லேபுக்கு வராதே. நான் பார்த்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் ஜெயசீலி மேடத்தின் அறைக்குள் பிரின்ட் அவுட்டோடு நுழைந்தபோது வினிதாவின் முகத்தில் அப்படி ஒரு களை. ஜெயசீலிதான் இரண்டு பேருக்கும் கைடு. ஃபிரெடியையும் கையோடு கூட்டி வந்திருந்தாள்.

“ரெண்டும் ஒத்துப்போச்சு மேடம்!”

“அப்படியா?” மேடம் நிமிர்ந்து பார்த்தார். “எப்படி?”

“சனிக்கிழமை இவனை வர வேண்டாம்னுட்டு நான் மட்டும் தனியா ரன் பண்ணேன். ஒண்ணுகூடப் பிசகல. சொல்லவே சங்கடமா இருக்கு மேடம்... இவன்தான் எதையோ நோண்டியிருக்கான்.”

“ஐயோ மேடம், சத்தியமா இல்ல!” ஃபிரெடி மேஜைப் பக்கம் ஒரு அடி முன்னால் வந்தான்.

“தெரியாம கை பட்டுடுச்சுன்னா பரவால்ல மேடம். பட்டதை மறைக்கிறான் பாருங்க, அதான் எனக்கு மனசு ஆறல. சயின்ஸ்ல நேர்மை வேணாமா? இவனை இங்க வச்சிருந்தா நம்ம லேப் ரிசல்ட்டை நாளைக்கு யார் நம்புவாங்க?”

மேடம் பிரின்ட் அவுட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பெட்டியும் கம்ப்யூட்டரும் எல்லா வரியிலும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி அச்சு அசலாக நின்றன. புரட்டப் புரட்ட அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

வினிதா அதைக் கவனித்தாள். பாவம், மேடத்துக்கு எவ்வளவு அதிர்ச்சி! ஃபிரெடியை அவர் ரொம்ப நம்பியிருந்தார் போல.

“ஃபிரெடி, நீ கொஞ்சம் வெளியே இரு.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனான். பையனைப் பார்க்க வினிதாவுக்குக்கூடக் கஷ்டமாகத்தான் இருந்தது. என்ன செய்ய, அவளுக்கும் வாழ்க்கை இருக்கிறதே.

“பெட்டி நம்பரை யார் குறிச்சது வினிதா?”

“நான்தான் மேடம். அதுல மெமரி கிடையாதே. பார்த்துப் பார்த்து நாமதானே எழுதணும்?”

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“என் ஸ்டூடன்ட்ஸ் யார் தீசிஸ் கொடுக்கறதுக்கு முன்னாடியும் நான் ஒண்ணு செய்வேன். அவங்க கருவியில அவங்களுக்குத் தெரியாம ஒரு கோளாறு வச்சிடுவேன். என்ன காரணம்னு கண்டுபிடிக்கணும்னுகூட இல்ல. ‘மேடம், ஒத்துவரல’ன்னு வந்து சொன்னா போதும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுவேன்.”

வினிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அப்ப... ஃபிரெடி?”

“அவன் எதையும் தொடல. போன வாரம் பெட்டியைத் திறந்து உள்ளே ஒரு பார்ட்டை மாத்தி வச்சது நான்.”

“அது... அது தெரியாம அவனைப் போய்... சாரி மேடம். நீங்க அதை எடுத்ததும்தான் போல, சனிக்கிழமை எனக்குச் சரியா...”

மேடம் பிரின்ட் அவுட்டை அவள் பக்கம் தள்ளினார்.

“நான் அதை இன்னும் எடுக்கவே இல்லையே, வினிதா.”