ஆறடிச் சரிவு

"கடலுக்குப் போவ பயம். பலகை மேல நின்னு ஆட மட்டும் பயம் இல்ல. நல்லா கீது மாமா உன் கத."

மீன் ஏலம் நடக்கிற இடத்தில் எல்லோர் காதிலும் விழட்டும் என்றேதான் உலகநாதன் சொன்னான். விழுந்தது. சிரித்தார்கள்.

மாயவனுக்கு ஐம்பத்திரண்டு வயதில் முழங்கையெல்லாம் சிராய்ப்பு. லுங்கி நுனியால் துடைத்துக்கொண்டு நடையைக் கட்டினான்.

உலகநாதன், மாயவனின் மனைவி வச்சலாவின் தம்பி. படகு இரண்டு பேருக்கும் பொது. ஆறு மாதத்துக்கு முன்னால் கரையை விட்டுக் கிளம்பும்போது பெரிய அலை ஒன்று எழுந்து வந்தது. மோட்டார் மாயவன் கையில். வேகத்தைக் கூட்டி அலைமேல் ஏற்றியிருக்க வேண்டும். ஒரு நொடி பயந்து குறைத்துவிட்டான். படகு குப்புறக் கவிழ்ந்தது. வலையில் கால் சிக்கி அடியில் கிடந்தவனை உலகநாதன்தான் இழுத்து வெளியே போட்டான்.

அதோடு சரி. படகு மணலில் கிடந்தது. மாயவன் அடுத்தவர்களுக்கு வலை சரிபண்ணிக் கொடுத்தான். உலகநாதன் ஐஸ் உடைக்கப் போனான். போகிற வருகிறவர்களிடமெல்லாம், "ஆளு கரையிலயே குந்திகினா நான் இன்னா பண்றது?" என்றான்.

மாமல்லபுரத்தில் கடலோரமாக, சக்கரப் பலகையில் சறுக்கி விளையாட சிமென்டில் ஒரு திடல் கட்டியிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போன மாயவன் அப்படியே நின்றுவிட்டான்.

பொடிசுகளுக்கு நடுவில் ஒரு பெண்மணி. கிட்டத்தட்ட இவன் வயசுதான் இருக்கும். தலையில் ஹெல்மெட். ஆறடிச் சரிவின் உச்சியில், பலகையின் பின்பாதியை விளிம்பில் அழுத்தி நின்றாள். முன்பாதி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. சட்டென்று முன்னால் சாய்ந்து இறங்கினாள். பாதியில் விழுந்தாள். எழுந்து மறுபடி ஏறினாள்.

நாலாவது தடவை விழுந்ததும் இவனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏம்மா, பயமே இல்லியா உனக்கு?"

"நெறைய இருக்குதுண்ணா. அது எங்க இருக்குதுன்னு பாக்கத்தான் வரேன்."

"எங்க கீது?"

"எனக்கு வயித்துல. உங்களுக்கு?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் அவனிடம் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தான். அந்த அலை எழுந்த நொடி.

"முட்டியில," என்றான். "மரக்கட்ட மாரி வெறச்சிப் போவுது."

"அப்ப சுலபம். முட்டிய மடக்கிட்டாப் போதும்."

அவள் பெயர் ஜாக்குலின். செங்கல்பட்டில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. சர்ச் முடிந்ததும் ஸ்கூட்டியில் வந்துவிடுவாள். நாற்பத்தெட்டு வயதில் பழக ஆரம்பித்தாளாம்.

"பயந்தா உடம்பு தானா பின்னால சாயும்ணா. சாஞ்சா பலகை ஓடிடும், நாம தரையில கெடப்போம். பயந்துகிட்டேயாவது முன்னால சாயணும்."

மாயவனின் உள்ளங்கைக்கு மோட்டார் கைப்பிடியின் ஞாபகம் வந்தது.

"ஒரு தபா ஏறிப் பாக்கட்டா?" என்றான்.

சமதரையில் நிற்கவே நாலு வாரம் ஆனது. இடுப்புயரச் சரிவுக்கு இன்னும் ஆறு வாரம். ஊரே வேடிக்கை பார்த்தது. வச்சலா மட்டும் ஒத்தடத்துக்கு வறுத்த உப்பைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு வந்து, "இன்னிக்கி எந்தப் பக்கம்?" என்று கேட்பாள்.

ஆறடிச் சரிவில் மூன்று வாரம் உச்சியில் நின்று பார்த்துவிட்டு இறங்கி வந்தான். நாலாவது வாரமும் நின்றான். கீழே பார்த்தான். முட்டி விறைத்தது.

வந்துட்டியா, என்று நினைத்துக்கொண்டான். இரு, உன்னைக் கொஞ்சம் மடக்கிப் பாக்கறேன்.

மடக்கினான். முன்காலை ஓங்கி மிதித்தான்.

காற்று காதில் அடித்தது. சரிவு வழுக்கிக்கொண்டு போனது. எதிர்ப்பக்கம் பாதி ஏறி, தள்ளாடி, நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"இப்ப எங்கண்ணா இருக்குது?" என்று ஜாக்குலின் மேலேயிருந்து கேட்டாள்.

"தெரிலியேம்மா."

நிஜமாகவே தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க மறுபடியும் ஏறினான். அன்றைக்குப் பதினோரு தடவை இறங்கினான். ஏழு தடவை விழுந்தான்.

சாயங்காலம் நேராக ஐஸ் உடைக்கிற இடத்துக்குப் போனான். உலகநாதன் தனியாக இருந்தான்.

"மச்சான், நாளைக்குக் கடலுக்குப் போலாம்."

உலகநாதனின் கை நின்றது.

"நாளைக்கா?"

"ஆமா. விடியக்காலையில."

"மோட்டார சர்வீசுக்கு வுடணுமே மாமா."

"வுட்டு எடுத்தாச்சி."

"வல கிழிஞ்சி கெடக்குது."

"தச்சி வெச்சிட்டேன்."

"காத்து ஜாஸ்தியா கீது."

"எல்லா போட்டும் போய்ட்டு வந்துச்சே மச்சான்."

உலகநாதன் அதற்கு மேல் காரணம் தேடவில்லை. திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நீ வரமாட்டேன்னு சொல்லிகினு இருந்த வரைக்கும், 'நீ ஏன் போவல'ன்னு என்னை ஒருத்தனும் கேக்கல மாமா."

உலகநாதன் கையிலிருந்ததைக் கீழே வைத்தான்.

"அந்தப் பலகையில நாளைக்கு என்னையும் ஒரு தபா ஏத்தி வுடறியா?"