மெட்டு மட்டும்

பீ-யுன்னின் பையிலிருந்து சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்றை வெளியே எடுத்தார் லியாவ்.

தைவான் பளுதூக்கும் அணியின் நிர்வாகத் தலைவர் அவர். தங்கம் வென்ற பீ-யுன்னுக்குப் பதக்கம் கொடுக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

"இது என்னம்மா?"

"கிழங்கு, தலைவரே. பசில உயிர் போகுது."

"கிழங்குன்னு எனக்கும் தெரியுது. அப்படியே நம்ம தீவு மாதிரி இருக்கே, அது உனக்குத் தெரியலையா? எந்த கேமரா எங்க பார்க்குமோ!"

"அப்போ ரெண்டா உடைச்சுச் சாப்பிட்டுக்கிறேன்."

"உடைக்கிறதா! நாட்டை ரெண்டாக்கிட்டோம்னு அதுக்கும் ஒருத்தன் மனு போடுவான்."

தடயம் இருக்கக் கூடாதென்று கிழங்கை அவரே தின்று தீர்த்தார்.

விளையாட்டில் அரசியல் கூடாது என்பது லியாவின் கொள்கை. அந்தக் கொள்கையைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும், இருபது வருடமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

சீனாவின் ஆட்சேபத்தால் தைவான் தன் பெயரிலும் தன் கொடியோடும் விளையாட முடியாது; அதற்கு ஒப்புக்கொண்டு அன்று காலையில்தான் போட்டிக் குழுவிடம் எழுதிக் கொடுத்திருந்தார். பெயர், அவர்கள் வைத்த பெயர். கொடி, அவர்கள் ஒப்புக்கொண்ட கொடி. பாட்டுக்கு மெட்டு மட்டும். அணியில் எவர் வாய் திறந்து பாடினாலும் பதக்கம் திரும்பப் போய்விடும். கீழே அவருடைய கையெழுத்து, கொஞ்சம் பெரிதாகவே.

பீ-யுன்னுக்கு இருபத்தொன்பது வயது. முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சை. இனி இன்னொரு போட்டி அவளுக்கு இல்லை.

"பல்லைக் கடிச்சுக்கிட்டு நில்லும்மா. ஒரு நிமிஷம்தான்."

"எனக்குப் பாடவே வராது. நீங்க பதறாம இருங்க, தலைவரே."

மேடையேறினாள். தங்கம் கழுத்தில் விழுந்தது. ஒப்புக்கொண்ட கொடி மெல்ல ஏறத் தொடங்க, மெட்டு ஒலித்தது.

அந்த மெட்டுக்கு வரிகள் உண்டு. நாற்பதைத் தாண்டிய தைவான்காரர்கள் பள்ளிக்கூட மைதானத்தில், காலை வெயிலில், விறைத்து நின்று பாடிய வரிகள். கொடி உச்சிக்குப் போகும்வரை வாய் அசையாத பிள்ளைக்குப் பிரம்படி உண்டு.

முன்வரிசையில் போட்டிக் குழுவினரோடு நின்ற லியாவ், பீ-யுன்னின் உதடுகளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பசை போட்டு ஒட்டியதுபோல் மூடியிருந்தன. தங்கமான பெண்.

அப்போதுதான் அது காதில் விழுந்தது.

எவனோ பாடுகிறான். அடித்தொண்டையில், சுருதி சேராமல், ஒரு வரி விடாமல்.

எந்த மடையன் அவன்?

திரும்பி ரசிகர்களை முறைத்தார். ரசிகர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற குழுவினரும் பார்த்தார்கள். கேமராவும் மேடையை விட்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

மேலே பீ-யுன் பதக்கத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி கண்களை மூடிக்கொண்டாள்.

லியாவ் வாயை மூடினார்.

பாட்டு நின்றது.