அமைதி ஆணை

“பெரெகும் நகரத்தின் வரலாற்றில் இன்று ஒரு பொன்னாள்.”

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அம்பொன்சா, முற்றத்தின் நடுவே நாற்காலி போட்டு அதன் மேல் ஏறி நின்று அறிவித்தார். கேட்பதற்கு அந்த வீட்டுக் குடித்தனக்காரர்கள் இருவர் வந்திருந்தார்கள். ஓர் ஆடும் இருந்தது.

“சாயங்காலம் நாலு மணியிலேருந்து ஆறு மணி வரைக்கும் இந்த வீட்டுல உலக்கை உரல்ல விழக்கூடாது. ரேடியோ பாடக்கூடாது. ஆடு…” என்று ஆட்டைப் பார்த்தார். “ஆட்டுக்கு ஆட்டுக்காரங்க பொறுப்பு.”

வேகவைத்த கிழங்கை இடித்துச் செய்யும் ஃபூஃபூக் களிக்குக் கடை நடத்தும் அஃப்ரியே உரலில் சாய்ந்தபடி கேட்டாள். “நாலரைக்கு இடிச்சாத்தான் ஆறு மணிக்கு வர்றவங்களுக்குச் சோறு, ஹெட்மாஸ்டர். இடிக்கலேன்னா எதைப் போடுறது, உங்க அறிவிப்பையா?”

“அஃப்ரியே, உன் ஃபூஃபூ பெரிசா, என் பொண்ணோட பல்கலைக்கழகம் பெரிசா?”

“அது குமாசியிலதானே இருக்கு?” என்றான் டாக்ஸி ஓட்டும் க்வாக்கு. “நம்ம முற்றத்துக்கு எப்ப குடிவந்துச்சு? வாடகை ஒழுங்காக் குடுக்குதா?”

அவனுக்குப் பதில் சொல்வது தன் தகுதிக்குக் குறைவு என்று அம்பொன்சா கருதினார்.

விஷயம் இதுதான். அவர் மகள் செர்வா படிக்கும் கம்ப்யூட்டர் நிரல் வகுப்பில் பாதிப் பேர் தூரத்துக் குமாசி நகரத்தில் உள்ள அரங்கில் ஆசிரியருக்கு எதிரே உட்காருவார்கள். மீதிப் பேர் அவரவர் வீட்டிலிருந்து திரை வழியே சேர்ந்துகொள்வார்கள். வீட்டில் எழும் சத்தம் அரங்கின் ஒலிபெருக்கியில் கேட்கும். போன வாரம் செர்வாவுக்கு ஆசிரியரிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. ‘உங்கள் வீட்டுச் சத்தத்தில் வகுப்பே நடக்கவில்லை. இன்னொரு முறை கேட்டால் நீங்கள் நேரில்தான் வர வேண்டும்.’

நேரில் என்றால் குமாசியில் ஓர் அறை. அறை என்றால் இரண்டு வருட வாடகையை மொத்தமாக எடுத்து வைக்க வேண்டும். தலைமையாசிரியரின் பென்ஷன் அந்த அளவுக்குக் கம்பீரமானதல்ல. நேரில் வரச் சொன்னால் செர்வாவின் படிப்பு அதோடு சரி. இன்றைக்குப் பார்த்து, அவள் எழுதிய நிரலை முழு வகுப்புக்கும் அவளே விளக்க வேண்டும்.

இத்தனைக்கும் அம்பொன்சா தன் கடமையில் ஒருநாளும் தவறியதில்லை. வகுப்பு தொடங்கினால் மகளின் ஜன்னலுக்கு அடியில் நாற்காலி போட்டுவிடுவார். உலக்கை சற்றே உயர்ந்தாலும், யாராவது லேசாக இருமினாலும், “அமைதி. உள்ளே பல்கலைக்கழகம் நடக்கிறது” என்பார். பள்ளிக்கூடத்தில் மைக் இல்லாமலே கடைசி வரிசையை நிமிர வைத்த குரல் அது. இவ்வளவு காவலுக்குப் பிறகும் சத்தம் என்று புகார் வந்ததில் அவர் மனம் உடைந்துதான் போயிருந்தது.

செர்வா மெதுவாக வந்து நின்றாள்.

“அப்பா, நம்ம வீட்ட விடுங்க. ரெண்டு தெரு தள்ளி சர்ச்சுல இன்னைக்கு ட்ரம் ஒத்திகையாம். அவங்க ஸ்பீக்கர் போட்டா இங்க என் காதுக்குள்ளயே அடிக்கிற மாதிரி இருக்கும். நான் சொன்னா யாரு கேப்பா?”

“நான் சொன்னா?”

“அதான் நீங்களே போயி நிக்கணும்ப்பா. ஆறு மணி வரைக்கும். நகந்தீங்கன்னா ஆரம்பிச்சிடுவாங்க.”

அம்பொன்சா கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

சர்ச்சில் பாஸ்டர் அவருடைய பழைய மாணவன். இவரைப் பார்த்ததும் கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. ட்ரம் அடிப்பவர்கள் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டார்கள். அவர்களுக்கு எதிரே, இடுப்பில் கை வைத்து, சிலையாக நின்றார் அம்பொன்சா. இந்நேரம் தன் மகளின் குரல் குமாசி அரங்கில் கணீரென்று ஒலித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது நெஞ்சு கோட்டுப் பொத்தானை முட்டியது.

ஆறு மணிக்கு வீடு திரும்பினார். செர்வா சிரித்துக்கொண்டே போனை நீட்டினாள். அவர் முற்றத்துக்கே கேட்கும்படி வாசித்தார்.

“‘நிரல் அருமை. விளக்கம் அதைவிட அருமை. இன்று உங்கள் வீட்டிலிருந்து ஒரு தொந்தரவும் இல்லை. இனி வீட்டிலிருந்தே தொடரலாம்.’ கேட்டியா க்வாக்கு? இதுக்குப் பேருதான் நிர்வாகம். ஒரு வீட்ட அடக்கினேன், ஒரு சர்ச்ச அடக்கினேன்.”

“சந்தேகமே இல்ல, ஹெட்மாஸ்டர்,” என்றான் க்வாக்கு. அவன் இவ்வளவு பணிவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

“சாப்பிடுங்க முதல்ல,” என்று அஃப்ரியே கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். மிளகாய் மணக்கும் சூப்பின் நடுவே வழுவழுவென்று ஃபூஃபூ. “செர்வாவுக்காக. காசு வேண்டாம்.”

அவர் கையைக் கழுவி, ஒரு பிடி கிள்ளி, சூப்பில் தோய்த்து விழுங்கினார். வெண்ணெயாக இறங்கியது. ஆவி பறந்தது. இரண்டாவது பிடியைக் கிள்ளியபோது கை நின்றது.

“அஃப்ரியே, இத எப்ப இடிச்சே?”

“எப்பவும் போல நாலரைக்குத்தான். செர்வாதான் சொல்லிச்சு, நீங்க பாட்டுக்கு இடிங்க அக்கா, அவங்க அரங்குக்குப் பின்னாடி கேன்டீன்லயும் இதே சத்தந்தான்னு.”

“ரேடியோ?”

“இன்னைக்கு மேட்ச் இருந்துச்சே,” என்றான் க்வாக்கு.

ஆடு தானாகவே ஒருமுறை கத்திக் காட்டியது. செர்வா தன் கிண்ணத்தை விட்டுத் தலை நிமிரவில்லை.

அன்று மாலை அந்த வீட்டில் வழக்கமான எல்லாச் சத்தமும் இருந்தது. இல்லாதவர் அவர் ஒருவர்தான்.