ஒரு மணிக்குள் ஒரு போன்

"ஒரு மணிக்குள்ள ஆயிடுமாண்ணே?" மூன்றாவது முறையாகக் கேட்டாள் அவள்.

"ஆகாதும்மா," என்றார் செல்போன் கடைக்காரர். "டிஸ்ப்ளே மட்டும் போயிருந்தா மாத்தித் தந்திருப்பேன். இதுல உள்ள இருக்கற போர்டே ரெண்டா உடைஞ்சிருக்கு. எங்கேர்ந்து விழுந்துச்சு?"

"மூணாவது மாடி. துணி காயப்போடும்போது."

வேறு யாராக இருந்தாலும் போனை வீட்டுக்குள் வைத்துவிட்டுத் துணி காயப் போட்டிருப்பார்கள். இவளுக்கு அந்தச் சலுகை கிடையாது. குளியலறைக்குப் போனாலும் போன் கூடவே வரவேண்டும் என்பது கணவனின் உத்தரவு. அவள் எங்கே இருக்கிறாள் என்பது அவன் போனில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும். அவன் வேலை செய்யும் தொழிற்சாலையில் போனைத் தொட விடமாட்டார்கள் என்பதால், ஒரு மணி சாப்பாட்டு இடைவேளையில் புள்ளியைப் பார்ப்பான். புள்ளி இல்லையென்றால் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து நிற்பான். போன தடவை அப்படி வந்ததிலிருந்து அவளுக்கு இடது மணிக்கட்டு சரியாக மடங்குவதில்லை.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து.

"பழைய போன் ஏதாவது இருந்தா குடுங்கண்ணே. எதுவா இருந்தாலும் சரி."

கடைக்காரர் மேசை இழுப்பறையைக் கிளறி ஒன்றை எடுத்தார். "இது இருக்கு. ஆனா மைக் போயிடுச்சு. நீ பேசினா அந்தப் பக்கம் கேக்காது."

"பரவாயில்ல."

"கேமராவும் வேலை செய்யாது."

"இருக்கட்டும்."

"பேசவும் முடியாது, படமும் எடுக்க முடியாதுன்னா இதை வச்சு என்னம்மா பண்ணப் போற?"

"இடம் காட்டற ஆப் ஓடுமா? சார்ஜ் நிக்குமா?"

"சார்ஜர்ல போட்டே வச்சிருந்தா நாள் முழுக்க ஓடும். பிடுங்கினா அரை மணி நேரம்தான்."

"அது போதும்ண்ணே."

கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். கடை வைஃபையில் அந்த ஆப்பை ஏற்றி முடித்தார். உடைந்த போனிலிருந்து சிம்மை எடுத்துச் செருகப் போனவரின் கையை அவள் சட்டென்று பிடித்துவிட்டாள்.

"இங்க போடாதீங்க. புள்ளி கடையில காட்டும். அவரு பாத்துடுவாரு."

பக்கத்தில் நின்ற ஐந்து வயது மகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னோடது வெள்ளை, இது கறுப்பு. சாயங்காலம் உன் வீட்டுக்காரர் வந்து பாத்தா தெரிஞ்சிடாதா?" என்றார் கடைக்காரர்.

"தெரிஞ்சா தெரியட்டும்ண்ணே."

"இப்படியே எத்தனை நாளைக்கும்மா பயந்து பயந்து வாழ்வ?"

அவள் காசை மேசையில் வைத்துவிட்டு, போனையும் சிம்மையும் வாங்கிக்கொண்டாள். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

மூன்று மாடி ஏறிக் கதவைத் திறந்தபோது பன்னிரண்டு ஐம்பது. சிம் இரண்டு தடவை தலைகீழாகப் போனது. பாஸ்வேர்டு ஒரு தடவை தப்பாகப் போனது. கடைசியில் புள்ளி வந்து வீட்டின் மேல் நின்றபோது ஒரு மணிக்கு இரண்டு நிமிஷம் இருந்தது.

சரியாக ஒரு மணிக்குப் போன் அதிர்ந்தது. 'காலையிலேர்ந்து எங்க போய்த் தொலைஞ்ச?'

'வீட்லதான் இருக்கேன். கரண்ட் இல்லாம போன் ஆஃப் ஆயிடுச்சு. இப்பதான் சார்ஜ் போட்டேன்' என்று தட்டி அனுப்பினாள்.

பதில் இல்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. கீழே ஏதோ பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டு ஜன்னலுக்கு ஓடினாள். எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர்.

மறுபடி போன் அதிர்ந்தது. 'சரி. ஆறு மணிக்கு வரேன்.'

போனைச் சார்ஜரில் செருகி, சமையல் மேடையில் வைத்தாள். சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். பிறகு குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பையை இழுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். மகளை வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டி, சாவியைக் கதவின் அடிவழியே உள்ளே தள்ளினாள்.

"அம்மா, போனை எடுக்கலையா?"

"வேண்டாம் கண்ணு. ஆறு மணி வரைக்கும் நாம வீட்லதான் இருக்கோம்னு அது அப்பாகிட்ட சொல்லிக்கிட்டிருக்கும். நீ படியைப் பாத்து இறங்கு, ஒன்றரை மணி பஸ்ஸு போயிடப் போகுது."