ஊசி போட்ட கை

தாயின் மடியில் கிடந்த குழந்தையின் தொடையில், தடுப்பூசி போட்ட இடத்தில், கோலிக்குண்டு போல ஒரு கட்டி. அதன்மேல் புதிதாக முடிகூட முளைத்திருந்தது. தோல் டாக்டர் விரலால் உருட்டிப் பார்த்தார்.

"பயப்பட ஒண்ணுமில்ல. அபூர்வமா இப்படி வரும். ஊசி தசைக்குள்ள இறங்காம, மருந்து தோலுக்கடியிலயே தங்கியிருக்கலாம். தானா கரையும். ஆனா மாசக்கணக்கா அரிக்கும்."

"சொறிஞ்சு சொறிஞ்சு அழறா டாக்டர்," என்று பொருமிய கணவன், ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தான். "புகார் எழுதிட்டேன். ஊசி போட்டவளோட பேர்தான் பாக்கி. யாருன்னு கேட்டா இவ வாயைத் திறக்க மாட்டேங்கிறா. கூட வேலை பாக்கறவன்னு ரொம்பத்தான் பாவம் பாக்கறா! எவளோ கத்துக்குட்டியா இருக்கும்."

"கத்துக்குட்டிங்க அழுத்தித்தான் குத்துவாங்க," என்றார் டாக்டர். "இது தயங்கின கை."

மனைவி காகிதத்தை இழுத்து, காலியாக விட்டிருந்த இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

"பதினோரு வருஷமா அந்த ஆஸ்பத்திரியில ஊசி போடறேன் டாக்டர். ஒரு தடவைகூடக் கை தயங்கினதில்ல. அன்னைக்கு வரிசை நீளமா இருந்துச்சு, என் குழந்தைக்கு நானே போட்டுடலாம்னு நினைச்சேன்."

அவள் குழந்தையின் தொடையைத் துணியால் மூடினாள்.

"குத்தப் போறப்ப, இவ என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டா."